பாச்சா உருண்டை: ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள்ள 200 வருஷ வரலாறு

இது போன வார எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த இருமல், "அதாவது", "ஆக்சுவலா" எல்லாத்தையும் வெட்டிட்டேன். மத்தபடி பேசினது பேசின மாதிரிதான் இருக்கு.

இந்த எபிசோடு ஒரு வாசனையில ஆரம்பிக்குது. கண்ணை மூடிட்டு, உங்க பாட்டி வீட்டு இரும்புப் பெட்டியைத் திறக்குற மாதிரி நினைச்சுக்கோங்க. மேல நாலா மடிச்ச கல்யாணப் பட்டு. அதுக்குக் கீழ தாத்தாவோட வேட்டி, யாரோ ஊட்டியில வாங்கி ஒரே ஒரு தடவை போட்ட ஸ்வெட்டர். மூலையில, பாதி கரைஞ்சு கோலிக்குண்டு சைசுக்கு வந்துட்ட ரெண்டு வெள்ளை உருண்டை. வாசனை வந்துடுச்சா? அதுதான் இன்னிக்கு டாபிக்.

சென்னையில அதுக்குப் பேர் பாச்சா உருண்டை. புத்தகத்துல அந்துருண்டை. எங்க அம்மாச்சி சொல்றது ரசகற்பூரம். இந்தக் கடைசிப் பேர் கொஞ்சம் குழப்பம் பண்ணும், ஏன்னா சித்த மருத்துவத்துல ரசகற்பூரம்னா அது ஒரு பாதரசச் சேர்மம். பெட்டிக்குள்ள இருக்குறது அது இல்ல. இது நாப்தலீன், நிலக்கரித் தார்ல இருந்து வர்ற பொருள்.

நான் ஏன் இதைத் தோண்டினேன்னு முதல்ல சொல்லிடறேன்.

ஒரு மழைக்கால ராத்திரி

எங்க அம்மாச்சி ஊர் மம்சாபுரம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல இருக்கு. போன வருஷம் ஐப்பசியில எங்க அக்காவுக்குப் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியில இருந்து நேரா அம்மாச்சி வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வந்தோம். அடைமழை. துவைச்ச துணி எதுவும் காயல. கைக்குழந்தைக்குப் பழைய பருத்தித் துணிதான் மெத்துனு இருக்கும்னு நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அம்மாச்சி பெட்டியைத் திறந்து தாத்தாவோட பழைய வேட்டிகளை எடுத்துக் கிழிச்சாங்க. அதுலதான் பிள்ளையைச் சுத்தினோம், அதையேதான் தொட்டில்லயும் விரிச்சோம்.

ரெண்டு நாள்ல குழந்தையோட கண்ணு மஞ்சளாச்சு. பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் வர்றது சகஜம்தான், ஆனா இது வேகமா ஏறுச்சு. ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நீல விளக்குக்குக் கீழ வச்சாங்க. டாக்டர் வரிசையா கேள்வி கேட்டாங்க. அம்மா ரத்த குரூப் என்ன, குழந்தை ரத்த குரூப் என்ன, பால் குடிக்கிறானா. கடைசியா ஒரு கேள்வி: "வீட்டுல பாச்சா உருண்டை போட்டு வச்ச துணி ஏதாவது குழந்தைக்குப் போட்டீங்களா?"

யாரும் பேசல. அம்மாச்சிதான் "ஆமா தாயி"ன்னாங்க.

பையன் இப்ப நல்லா இருக்கான், தவழ்ந்து என் சார்ஜரைக் கடிக்கிற வயசு. டெஸ்ட்ல அவனுக்கு ஜி6பிடி குறைபாடுன்னு ஒரு மரபணு விஷயம் இருக்குறது தெரிஞ்சுது. அந்தத் துணிதான் காரணம்னு உறுதியா சொல்ல முடியாது, ஆனா தவிர்த்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. அதுக்கப்புறம் அம்மாச்சி என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "ஏய்யா, நீ படிச்ச பிள்ளைதான, சொல்லு. நானா பிள்ளைக்கு விஷம் வச்சேன்?"

அப்ப எனக்குப் பதில் தெரியல. இந்த எபிசோடு அந்தக் கேள்விக்கு என்னோட பதில்.

துணியை யாரு தின்னுறாங்க?

பக் ஃபிக்ஸ் பண்றதுக்கு முன்னாடி அது எங்க இருக்குன்னு பார்க்கணும். துணியை அரிக்கிறது ஒரே பூச்சி இல்ல, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி மெனு இருக்கு.

முதல்ல அந்துப்பூச்சி. விளக்கைச் சுத்தி வர்ற பூச்சியில நிறைய வகை உண்டு. துணியைத் தின்னுற வகை சின்னது, வெளிர் பொன்னிறம், விளக்கைக் கண்டா ஒளியும். வளர்ந்த பூச்சி துணியைத் தொடவே தொடாது, சாப்பிடறதுக்கு அதுக்கு வாயே சரியாக் கிடையாது. தின்னுறது எல்லாம் அதோட புழு. அதுக்குப் பிடிச்சது கம்பளி, முடி, இறகு. இதெல்லாம் கெரட்டின்ங்கற புரதத்தால ஆனது. நம்ம நகமும் கெரட்டின்தான். அதுல கந்தக அணுக்கள் கைகோத்து இறுக்கமா நிக்கும், பெரும்பாலான உயிரினங்களால அதைச் செரிக்க முடியாது. இந்தப் புழுவோட குடல் அந்தப் பிணைப்பை உடைச்சுடும். கம்பள வண்டுன்னு இன்னொண்ணு இருக்கு. அதோட புழு கம்பளியோட பட்டையும் பதம் பார்க்கும்.

பருத்தி புரதம் இல்ல, அது செல்லுலோஸ். அந்துப்பூச்சிப் புழுவுக்குச் சுத்தமான பருத்தி சாப்பாடே இல்ல. பருத்தியைக் கரையான் தின்னும். இன்னொண்ணு இராமபாணப் பூச்சி, வெள்ளி மாதிரி மின்னிக்கிட்டு பழைய புத்தகத்துக்குள்ள ஓடுமே, அது. அதுக்கு முக்கியமா வேண்டியது மாவுச்சத்து, அதாவது துணியில போட்ட கஞ்சி.

இப்ப எங்க ஊர்ப் பக்கத்தைப் பாருங்க. முழுக்கப் பருத்தி நாடு. ராஜபாளையம் மில்ஸ் 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஆரம்பிச்சது. பக்கத்துல சத்திரப்பட்டியில தறிகள்ல ஓடுறது பேண்டேஜ் துணி. நூல் தறியில அறுந்து போகாம இருக்க பாவுக்குக் கஞ்சி ஏத்துவாங்க, அதுதான் சைசிங். வேட்டிக்கு வீட்டுலயும் கஞ்சி போடுவோம். ஆக, எங்க அம்மாச்சி பெட்டியில இருந்த வேட்டிகளுக்கு அந்துப்பூச்சியால பெரிய ஆபத்தே இல்ல. கஞ்சி போகத் துவைச்சு, காய வச்சு மடிச்சிருந்தாலே பாதி வேலை முடிஞ்சிருக்கும். அந்த ரெண்டு உருண்டை காவல் காத்தது, திருடன் வராத வீட்டை.

உருண்டைக்கு முன்னாடி

நாப்தலீன் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க? தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்துல ஓலைச்சுவடிகளைக் காப்பாத்த ஒரு பழைய முறை உண்டு. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இதெல்லாம் இடிச்சு, கற்பூரம் சேர்த்து, சின்னத் துணி முடிச்சாக் கட்டி அலமாரிக்குள்ள வைப்பாங்க. வீடுகள்ல காஞ்ச வேப்பிலை, வசம்பு, வெட்டிவேர். இதுல எல்லாத்துலயும் ஐடியா ஒண்ணுதான்: மெல்ல மெல்ல ஆவியாகிற எண்ணெய்ப் பொருள், மூடின இடம்.

"அப்போ இயற்கை முறைதான் பெஸ்ட், கெமிக்கல்தான் விஷம்"னு வாட்ஸ்அப் ஃபார்வர்டு பண்ண ரெடியாகாதீங்க. வசம்புல இருக்குற அசரோன்ங்கற பொருள் எலிகள்ல கட்டி உண்டாக்கினதால, அமெரிக்காவில உணவுல வசம்பு சேர்க்கறதையே 1968-ல தடை பண்ணிட்டாங்க. கற்பூரத்தைக் குழந்தை முழுங்கினா வலிப்பு வரலாம். பூச்சியைக் கொல்ற பொருள் எதுவா இருந்தாலும், அது செடியில இருந்து வந்துச்சா, தார்ல இருந்து வந்துச்சாங்கறது ரெண்டாவது கேள்வி. எவ்வளவு, யாருக்கு, எந்த வழியா போகுதுங்கறதுதான் முதல் கேள்வி.

கற்பூரம் ஒரு காலத்துல அரசாங்கங்கள் மோதிக்கிட்ட சரக்கு. கற்பூர மரம் அதிகமா இருந்தது தைவான்ல. அந்தத் தீவைப் பிடிச்ச ஜப்பான் 1899-ல கற்பூர வியாபாரத்தை அரசாங்க ஏகபோகமாக்குச்சு. காரணம் சாமி இல்ல, செல்லுலாய்டு. சினிமா ஃபிலிமுக்கும் சீப்புக்கும் பொம்மைக்கும் கற்பூரம் தேவைப்பட்டுச்சு. கற்பூரம் அப்படி விலையேறிக் கிடந்த காலத்துல, யாருக்கும் வேண்டாத குப்பையில இருந்து ஒருத்தன் வந்து அந்த இடத்துல உட்கார்ந்தான்.

தார்ச் சேற்றுல பிறந்தவன்

1812-ல லண்டன்ல நிலக்கரி வாயு கம்பெனி வந்துச்சு. காத்துப்படாம நிலக்கரியைச் சூடாக்கினா எரியிற வாயு கிடைக்கும், அதுல தெரு விளக்கு எரியும். மிச்சம் கறுப்பா, ஒட்டிக்கிட்டு, நாத்தம் அடிக்கிற தார். அதை என்ன பண்றதுன்னே யாருக்கும் தெரியல. ஆக்ஸ்ஃபோர்டுல வேதியியல் சொல்லிக்கொடுத்த ஜான் கிட், அந்தத் தார்ல இருந்து வெள்ளைப் படிகம் ஒண்ணைப் பிரிச்செடுத்து 1821-ல எழுதினார். நாப்தலீன்ங்கற பேருக்கு மூலம் அவர் வச்ச பேர்தான். அதுல கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவுன்னு 1826-ல கணக்குப் போட்டவர் மைக்கேல் ஃபாரடே. ஆமா, நம்ம மின்சார ஃபாரடேதான்.

நாப்தலீனோட ஸ்பெஷல், பள்ளிக்கூடத்துல படிச்ச பதங்கமாதல். திடப்பொருள் திரவமாகாம நேரா ஆவியாப் போகும். அதனாலதான் உருண்டை நனையாம, ஒழுகாம, சத்தமில்லாமச் சின்னதாகிட்டே போகுது. அந்த ஆவி காத்தை விடக் கனமானது. இறுக்கமா மூடின பெட்டிக்குள்ள நல்லாச் சேர்ந்தாத்தான் புழு சாகும். திறந்த அலமாரியில, வாஷ்பேசின்ல, பாத்ரூம் மூலையில போட்டா பூச்சிக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது, ஆவியை இழுக்கிறது நாமதான்.

இன்னிக்கும் நாப்தலீன் பெரும்பாலும் பக்கத்துணைப் பொருள்தான். பிலாய், ரூர்கேலா மாதிரி இரும்பாலைகள்ல நிலக்கரியைக் கோக் ஆக்கும்போது இதுவும் கிடைக்கும், வித்துடுவாங்க. உங்க வீட்டுக் கூரைக் கம்பியும் பெட்டி உருண்டையும் ஒரே அடுப்புல பிறந்த அண்ணன் தம்பியா இருக்கலாம். இவ்வளவு மலிவா இருக்குறதுக்கு அதுதான் காரணம்.

சாயத்துல இருந்து பூச்சிமருந்துக்கு

இனிமேதான் கதை சூடு பிடிக்குது.

1856. லண்டன்ல வில்லியம் பெர்கின்னு 18 வயசுப் பையன். நம்ம காலேஜ் முதல் வருஷ வயசு. தார்ல இருந்து வந்த பொருளை வச்சு குயினைன் செய்ய முயற்சி பண்றான். குயினைன் எதுக்கு? மலேரியாவுக்கு. குயினைன் வரல, ஊதா நிறத்துல ஒரு கசடு வந்துச்சு. அதுதான் மாவ், செயற்கைச் சாயத் தொழிலைத் தொடங்கி வச்ச நிறம். அதுக்குப் பின்னாடி தார்ச் சாயம் செய்யற கம்பெனிகள் ஜெர்மனியிலயும் சுவிட்சர்லாந்துலயும் முளைச்சுது. பேயர், கெய்கி மாதிரி பேர் எல்லாம் அப்ப சாயக் கம்பெனிப் பேர்தான். மலேரியாங்கற வார்த்தையை மட்டும் ஓரமா வச்சுக்கோங்க, திரும்பி வருவோம்.

மார்ட்டியஸ் மஞ்சள்னு ஒரு சாயம். நாப்தலீன்ல இருந்து செய்யறது, 1864-ல வந்துச்சு. இந்தச் சாயம் ஏத்தின கம்பளியை மட்டும் புழு தொடாம விட்டுட்டுப் போறதைப் பின்னாடி பேயர்ல ஒரு வேதியியலாளர் கவனிச்சார். கேள்வி மாறிடுச்சு. பெட்டிக்குள்ள மருந்து போடறதுக்குப் பதிலா, துணி நூலுக்குள்ளயே மருந்தை ஏத்திட்டா? நிறமில்லாத சாயம் மாதிரி. துவைச்சாலும் போகாது, ஆவியும் ஆகாது, தின்னுற புழுவுக்கு மட்டும் விஷம். 1920-கள்ல ஆய்லான்ங்கற பேர்ல அது சந்தைக்கு வந்துச்சு. போட்டிக்குக் கெய்கி கம்பெனி உருவாக்கினதுதான் மிட்டின். கம்பளிக்கு அந்துக் காப்பு இப்படித்தான் ஒரு சாயப்பட்டறை வேலையா ஆச்சு.

அதே கெய்கியில பால் முல்லர்னு ஒருத்தர். 1925-ல சேர்ந்தவர், தோல் பதனிடறதுல வேலை பார்த்தவர். அந்துக் காப்பு வேலை நடந்த அந்தச் சூழல்ல அவருக்கு ஒரு யோசனை. அந்து மருந்து, புழு தின்னாத்தான் கொல்லும். தொட்டாலே சாகணும், பல பூச்சிக்கு வேலை செய்யணும், ரொம்ப நாள் நிக்கணும், மலிவா இருக்கணும், மனுஷனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் இதுதான். நாலு வருஷம். 349 பொருள் ஃபெயில். 1939 செப்டம்பர்ல, உலகப் போர் தொடங்கின அதே மாசம், ஒரு கண்ணாடிப் பெட்டியில ஈக்களை விட்டு அடுத்த பொருளைச் சோதிச்சார். ஈ எல்லாம் கீழ விழுந்துச்சு. பெட்டியைக் கழுவிட்டுப் புது ஈ விட்டார். அதுவும் விழுந்துச்சு.

அதுதான் டி.டி.டி. அந்தப் பொருளை 1874-லேயே ஓத்மார் சைட்லர்னு ஒரு மாணவர் செஞ்சு எழுதியும் வச்சிருந்தார், எதுக்கு உதவும்னு தெரியாம. 65 வருஷம் தூங்கின கோடு.

போர்ல ராணுவங்களுக்குப் பெரிய தலைவலி, துணி மடிப்புல வாழற பேன். அதுதான் டைஃபஸ் காய்ச்சலைப் பரப்பும். 1943 கடைசியில இத்தாலியோட நேப்பிள்ஸ் நகரத்துல டைஃபஸ் கிளம்ப, 10 லட்சத்துக்கு மேல மக்களுக்குச் சட்டைக்குள்ள டி.டி.டி. பவுடர் ஊதினாங்க. குளிர்காலத்துல கிளம்பின டைஃபஸ் அந்தக் குளிர்காலத்துலயே அடங்குச்சு. 1948-ல முல்லருக்கு மருத்துவ நோபல். அவர் டாக்டர் இல்ல, கெமிஸ்ட். இதுக்கு நடுவுல, 1947 செப்டம்பர்ல, ஹார்வர்டுல ஒரு கம்ப்யூட்டர் ரிலேக்குள்ள சிக்கின அந்துப்பூச்சியை நோட்டுல டேப் போட்டு ஒட்டி வச்சாங்க. எங்க தொழிலோட புகழ்பெற்ற பக் அதுதான். பாருங்க, இந்தக் கதையில எங்க திரும்பினாலும் இந்தப் பூச்சி நிக்குது.

சுவத்துல எழுதின தேதி

இப்ப நம்ம நாட்டுக்கு வருவோம். சுதந்திரம் வாங்கின காலத்துல இந்தியாவில வருஷத்துக்குச் சுமார் 7.5 கோடி பேருக்கு மலேரியா, 8 லட்சம் பேர் சாவு. அதுதான் அன்னிக்கு அரசாங்க மதிப்பீடு. 1953-ல தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்குச்சு. 1954-ல டி.டி.டி. செய்யறதுக்காகவே இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ்னு ஒரு அரசு நிறுவனம் வந்துச்சு. அம்மாச்சிக்கு இது நல்லா ஞாபகம் இருக்கு. "மலேரியாக்காரங்க முதுகுல டப்பாவை மாட்டிட்டு வருவாங்க, சாமானை எல்லாம் வெளிய எடுக்கச் சொல்வாங்க, சுவர் பூராம் அடிச்சுட்டு வாசல்ல தேதி எழுதிட்டுப் போவாங்க." 1965 வாக்குல நாடு முழுக்க மலேரியா ஒரு லட்சம் பேர் அளவுக்கு இறங்கிடுச்சு. அந்துப்பூச்சி ஆராய்ச்சிக்குப் பக்கத்துல பிறந்த ஒரு பொருள் எத்தனை லட்சம் உயிரைக் காப்பாத்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா கொசு பழகிக்குச்சு. அதே பொருளை வயலெல்லாம் கொட்டினதும் அதுக்குப் பெரிய காரணம். 1976-ல மலேரியா திரும்ப 64 லட்சம். ரொம்ப நாள் நிக்கணும்னு முல்லர் கேட்டாரே, அந்தக் குணமே சாபமாச்சு: மண்ணுல, மீன்ல, தாய்ப்பால்ல வரைக்கும் நின்னுச்சு. 1962-ல ரேச்சல் கார்சன் எழுதின 'சைலன்ட் ஸ்பிரிங்' அதை ஊருக்குச் சொல்லுச்சு. இந்தியா விவசாயத்துல டி.டி.டி.யை 1989-ல தடை பண்ணுச்சு.

துணிப் பக்கமும் இதே கதைதான். போருக்கு அப்புறம் கம்பளங்களுக்கு அந்துக் காப்பா டைஎல்ட்ரின்னு ஒண்ணு ஏத்தினாங்க. கம்பளம் பத்திரம். ஆலைக் கழிவுநீர் வழியா அது பிரிட்டன்ல ஆறுகளுக்குள்ள போச்சு. அதையும் கைவிட்டு 1970-கள்ல வந்த பெர்மெத்ரினுக்கு மாறினாங்க. செவ்வந்திக் குடும்பத்துப் பூ ஒண்ணுல இருக்குற பூச்சிக்கொல்லியைப் பார்த்து லேப்ல செஞ்சது அது. மனுஷனுக்கு ஆபத்து குறைவு. மீனுக்கும் பூனைக்கும் நல்ல விஷம். சும்மா கிடைக்கிற தீர்வு எதுவுமே இல்ல.

இந்தப் பெர்மெத்ரின் வகையறாவை இப்ப கொசுவலை நூல்ல ஏத்துறாங்க. நம்ம கரூர் கொசுவலைக்குப் பேர்போன ஊர், மருந்து ஏத்தின வலைகளும் அங்க தயாராகி வெளிநாடு போகுது. துணியைப் பூச்சிகிட்ட இருந்து காப்பாத்தக் கிளம்பின அறிவு, இப்ப துணியை வச்சுப் பிள்ளைகளைப் பூச்சிகிட்ட இருந்து காப்பாத்துது.

சரி, குழந்தைக்கு என்ன ஆச்சு?

மலேரியாவை ஓரமா வைக்கச் சொன்னேன்ல? இப்ப எடுங்க.

இரண்டாம் உலகப் போர்ச் சமயத்துல இருந்து அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துச் சிறையில கைதிகள் மேல மலேரியா மருந்துகளைச் சோதிச்சாங்க. அது அறமா இல்லையாங்கறது தனி எபிசோடு. பிரைமாகுவின்ங்கற மருந்து குடுத்தப்போ சிலருக்கு மட்டும், முக்கியமாக் கறுப்பினக் கைதிகளுக்கு, ரத்தச் சிவப்பணுக்கள் உடைஞ்சுது. ஏன்னு தேடித் தேடி 1956-ல பிடிச்சாங்க. அவங்க சிவப்பணுவுல ஜி6பிடிங்கற நொதி குறைவு. ஆக்சிஜன் தாக்குதல்ல இருந்து அணுவைக் காக்கிற கவசத்துக்கு அதுதான் எரிபொருள். அது குறைஞ்சா சில பொருள்கள் பட்டதும் சிவப்பணு நொறுங்கும்.

உடம்புக்குள்ள போன நாப்தலீன் மாறி உருவாகிற பொருள்கள் அப்படிப்பட்டவை. அந்து உருண்டையோட வச்ச துணி, போர்வை மூலமாப் பிறந்த குழந்தைகளுக்கு ரத்தம் உடைஞ்சு மஞ்சள் ஏறினதை 1950-கள், 60-கள்ல டாக்டர்கள் பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க. 1963-ல கிரீஸ் நாட்டு டாக்டர்கள் எழுதினது அதுல முக்கியமானது. பிறந்த குழந்தையோட கல்லீரல் இந்தப் பொருளை வெளியேத்தற அளவுக்கு இன்னும் வளர்ந்திருக்காது. தோல் மெலிசு, எண்ணெய் தடவினா இன்னும் உறிஞ்சும். மஞ்சள் ரொம்ப ஏறினா மூளையைப் பாதிக்கும். ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்குறதால ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வரும்.

இந்தக் குறைபாடு ஏன் உலகத்துல இவ்வளவு பேருக்கு இருக்கு? ஏன்னா அது மலேரியாவுல இருந்து ஓரளவு பாதுகாப்பு குடுக்கும். ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடல் ஓரம், இந்தியா, மலேரியா தலைமுறை தலைமுறையா வாட்டின இடங்கள்லதான் அது அதிகம். என் அக்கா பையன் ரத்தத்துல இருக்குறது, என்னிக்கோ காய்ச்சல்ல பிழைச்ச ஏதோ ஒரு முன்னோர் விட்டுட்டுப் போன கவசமா இருக்கலாம். அந்தக் கவசத்துல இருக்குற ஓட்டை வழியா நாப்தலீன் உள்ள வந்துச்சு.

2002-ல உலகச் சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் நாப்தலீனைப் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்"ங்கற பட்டியல்ல சேர்த்துச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துல 2008-ல இருந்து நாப்தலீன் உருண்டை விக்க முடியாது. நம்ம ஊர்ல பெட்டிக்கடையில, மஞ்சப் பொடி பாக்கெட்டுக்குப் பக்கத்துல தொங்குது. சில பாக்கெட்ல நாப்தலீனுக்குப் பதிலா பாரா டைகுளோரோபென்சீன் இருக்கும். அதுவும் அதே புற்றுநோய்ப் பட்டியல்ல இருக்கு.

அம்மாச்சிக்குப் பதில்

அதனால அம்மாச்சி, நீங்க விஷம் வைக்கல. நல்லது நினைச்சு, ஊர்ல எல்லாரும் செய்யறதைச் செஞ்சீங்க. 1963-ல டாக்டர்கள் எழுதி வச்ச விஷயம் 60 வருஷத்துக்கு அப்புறமும் மம்சாபுரத்துப் பெட்டிக்கடைக்கு வந்து சேரல. அந்தத் தாமதத்துக்கு நீங்க பொறுப்பு இல்ல. இதை அவங்ககிட்ட நேர்லயும் சொன்னேன். கேட்டுட்டு, "அப்ப மத்தவங்ககிட்டயும் சொல்லணும்ல"ன்னாங்க. அதான் இந்த எபிசோடு.

கேட்கிறவங்க செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிறந்த குழந்தைக்குப் போடற துணி, தொட்டில் சீலை, போர்வை எதுலயும் பாச்சா உருண்டை வைக்காதீங்க. ஏற்கெனவே வச்சிருந்தா, நல்லாத் துவைச்சு, வாசனை முழுக்கப் போற வரைக்கும் வெளியில காய வையுங்க. வாசனை இருக்குன்னா பொருள் இன்னும் அங்க இருக்குன்னு அர்த்தம். குழந்தைக்கு ஜி6பிடி டெஸ்ட் எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, சின்ன ரத்தப் பரிசோதனைதான். தவழற பிள்ளை இருக்குற வீட்டுல உருண்டை கண்ணுலயே படக்கூடாது. பார்க்க மிட்டாய் மாதிரியே இருக்கும். முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பட்டையும் கம்பளியையும் எப்படிக் காப்பாத்தறது? வியர்வை, எண்ணெய்க் கறையோட மடிச்சு வைக்காதீங்க, புழு முதல்ல தேடி வர்றது அதைத்தான். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவை எடுத்து உதறி, மடிப்பை மாத்துங்க. கம்பளியை வெயில்ல போடலாம், பட்டை நிழல்ல காத்தாட விடுங்க. ஸ்வெட்டர்ல புழு வந்துட்டா, பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி டீப் ஃப்ரீசர்ல ஒரு வாரம் வைங்க. மியூசியங்கள்ல இதே முறைதான், மைனஸ் 20 டிகிரிக்குப் பக்கத்துல. மருந்தே வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. எங்க பக்கத்துல, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு ஆண்டாள் உடுத்தறதுக்கு ஸ்ரீரங்கத்துல இருந்து பட்டு வரும். சித்திரையில ஆண்டாள் சூடின மாலையும் கிளியும் பட்டும் மதுரைக்குக் கள்ளழகருக்குப் போகும். துணி கை மாறிக்கிட்டே இருக்கு, வெளிச்சத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கு. அந்துப்பூச்சிக்கு வேண்டியது இருட்டும், யாரும் தொடாத மடிப்பும்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப, அம்மாச்சி அந்தப் பெட்டியைத் திறந்து போட்டு முற்றத்துல காய வச்சிருந்தாங்க. உருண்டை எல்லாத்தையும் எடுத்தாச்சு. கல்யாணப் பட்டைக் கொடியில போட்டிருந்தாங்க. "இதை இனிமே உள்ள வைக்கப் போறதில்ல. உங்க அக்கா பிள்ளை முதல் பிறந்த நாளுக்குக் கட்டிக்கிடப் போறேன்"னு சொன்னாங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். உங்க வீட்டுல இந்த உருண்டைக்கு வேற பேர் இருந்தா எழுதி அனுப்புங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா, இந்த எபிசோடை அவங்களோட உட்கார்ந்து கேளுங்க. குத்தம் சொல்ற குரல்ல மட்டும் வேண்டாம்.